சொல்லும் பொருளும்: திமிங்கிலம்

மறைக்கல்வி வகுப்பில் யோனாவின் வரலாற்றைப் படிக்கும்போது பிள்ளைகள் தவறாமல் கேட்கும் வினா ஒன்று உண்டு: "யோனாவை விழுங்கியது திமிங்கிலந்தானே?" விடை கூறுமுன் அச்சொல்லின் பொருளை அறிந்துகொள்வோம்.

திமிங்கிலம் வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். 'திமி' என்பது ஒரு பெருமீனின் பெயர். 'கில' என்பது விழுங்குவது. ஆகவே, திமியையே விழுங்கும் பேருயிர் திமிங்கிலம். இப்பிரிப்பை மனதிற்கொண்டால் எழுத்துப் பிழையும் நேராது. 'திமிங்கலம்' என்று பலரும் எழுதினாலும், சொற்பிறப்புக்கு இசைந்த வடிவம் 'திமிங்கிலம்' என்பதே. ஊழல் செய்து கொழுத்தவர்களையும் திமிங்கிலங்கள் என்கிறோம். விழுங்குதல் என்ற பொருள் அங்கும் மறையவில்லை.

யோனா நூலின் எபிரேய மூலத்தில் உள்ள சொற்களுக்குப் 'பெரிய மீன்' என்பதே பொருள். எந்த மீன் என்று அந்நூல் கூறவில்லை. மத்தேயு 12:40இல் கிரேக்கத்தில் வரும் 'கேட்டோஸ்' என்ற சொல் பெரிய கடலுயிர் எதையும் குறிக்கும். 1611இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அவ்விடத்தில் அதனைத் திமிங்கிலம் எனப் பெயர்த்தது. நூலாசிரியரின் கருத்தோ மீனின் இனத்தில் இல்லை; தப்பியோடிய யோனாவையும் பகைநகரான நினிவேயையும் கைவிடாத இறைவனின் இரக்கத்திலேயே இருக்கிறது.

அப்படியானால், திமிங்கிலம் மீனா? அன்று. 1758இல் லின்னேயஸ் என்ற அறிஞர் அதனைப் பாலூட்டிகளுடன் சேர்த்தார். அது குட்டி ஈன்று பாலூட்டும். தலைமேலுள்ள துளை வழியாக நுரையீரலால் மூச்சுவிடும். நமது திருகோணமலைக் கடலில் காணப்படும் நீலத்திமிங்கிலம் உலகிலேயே மிகப் பெரிய விலங்கு. ஆயினும் அது உண்பது கூனி இறால் போன்ற சிற்றுயிர்களையே. அதன் தொண்டை மனிதனை விழுங்க இடங்கொடாது.

இவ்வறிவு உயிர்காக்கவும் உதவும். 2020 நவம்பரில் பாணந்துறைக் கரையில் நூறளவிலான சிறு திமிங்கிலங்கள் ஒதுங்கின. கடற்படையினரும் ஊரவரும் இரவிரவாக உழைத்து, பெரும்பாலானவற்றைக் கடலுக்குள் தள்ளிக் காப்பாற்றினர். ஒதுங்கிய திமிங்கிலத்தைக் காண்போர் அதன் மூச்சுத்துளையை மணலோ நீரோ மூடாமற் காத்து, உடலை ஈரமாக வைத்து, வனசீவராசிகள் திணைக்களத்துக்கு உடனே அறிவித்தல் வேண்டும். மீன்தானே, தண்ணீர் போதும் என்றெண்ணித் துளையில் நீர் ஊற்றினால் அது மூச்சடைத்து மாண்டுவிடும்.

பிள்ளைகளே, யோனாவை விழுங்கியது எதுவென்று இனி யாரேனும் கேட்டால், "பெரிய மீன் ஒன்று" என்று சொல்லுங்கள். அதற்குமேல் மறைநூல் சொல்லவில்லை.