போல்ட் உங்களுக்கு, ஸ்பிரிங் பட்டறைக்கு

கேள்வி: ஐயா, என்னிடம் 2008-ஆம் ஆண்டு மைவி இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து நான் ஒருவனே ஓட்டுகிறேன். மீட்டர் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. வீடு பாகான் டாலாமில், வேலை தீவில். தினமும் பினாங்குப் பாலம் ஏறி இறங்க வேண்டும். சில மாதங்களாகப் பாலத்தின் இணைப்புகளைக் கடக்கும்போது வண்டி ஒருமுறை குதித்துவிட்டு, அடங்காமல் இன்னும் இரண்டு முறை ஆடுகிறது. தாமானுக்குள் சாலை மேட்டில் ஏறி இறங்கினால் முன் இடப்பக்கம் ‘டொக் டொக்’ என்கிறது. நான்கு அப்சார்பரையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள் பட்டறையில். பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகனோ, “அப்பா, காணொளி பார்த்து நாமே மாற்றிவிடலாம்” என்கிறான். வீட்டு போர்ச்சில் வைத்து இந்த வேலையைச் செய்யலாமா?

– ஒரு வாசகர், பாகான் டாலாம்

பதில்: உங்கள் மகன் சொல்வது முக்கால் பங்கு சரி. மீதிக் கால் பங்கில்தான் ஆபத்து முழுவதும் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மைவியின் முன்பக்கத்தில் ஸ்பிரிங்கும் அப்சார்பரும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்த அமைப்பு. 1940-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் இருந்த ஏர்ல் மெக்பெர்சன் என்ற பொறியாளர் வகுத்தது. அவர் பிறகு ஃபோர்டுக்கு மாறினார். 1950-இல் லண்டனில் காட்சிக்கு வந்த ஃபோர்டு கான்சல் கார் இதை ஊரறியச் செய்தது. இடத்தை மிச்சப்படுத்தும் என்பதால் கஞ்சில், வீரா, மைவி என்று நம் ஊர்க் கார்களிலும் முன்பக்கம் இதுவே நிலைத்துவிட்டது.

மைவியின் எடை ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. இன்ஜின் முன்னால் இருப்பதால் முன்சக்கரம் ஒவ்வொன்றும் கால் டன்னுக்கு மேல் தாங்குகிறது. தாங்குவது ஸ்பிரிங்தான், அப்சார்பர் அல்ல. காரை ஜெக் போட்டுத் தூக்கிய பிறகும் அந்த ஸ்பிரிங் முழுதாக நீண்டுவிடாது. மேலே மவுண்டிங், கீழே தட்டு, இரண்டுக்கும் நடுவே அழுந்தியபடி காத்திருக்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது தண்டின் உச்சியில் நடுவே இருக்கும் ஒற்றை நட்டு. ஸ்பிரிங்கை அமுக்கிக் கட்டாமல் அந்த நட்டைக் கழற்றினால் மவுண்டிங் குண்டு போலப் பாயும். நான் வேலை கற்ற பட்டறையில் ஒருவர் அவசரத்தில் இதைச் செய்தார். மவுண்டிங் தகரக் கூரையைத் துளைத்தது, அவர் தலை ஒரு சாண் தள்ளி இருந்தது. அந்த ஓட்டையைக் கடைசிவரை யாரும் அடைக்கவில்லை. புதிதாகச் சேரும் பையனுக்கு அதைக் காட்டித்தான் வேலை தொடங்கும்.

ஆகவே வேலையைப் பங்கு பிரித்துக்கொள்ளுங்கள். அமைப்பை முழுதாகக் காரிலிருந்து இறக்குவதும் திரும்ப ஏற்றுவதும் உங்கள் இருவர் வேலை. ஸ்பிரிங்கை அமுக்கி, பழையதை எடுத்துப் புதியதைப் போடுவது பட்டறை வேலை. கழற்றியதைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் அதற்கென்று உள்ள பிரஸ்ஸில் வைத்துச் சீக்கிரம் முடித்துவிடுவார்கள். கொக்கி போட்டுத் திருகும் மலிவு விலைக் கருவிகள் கடையில் கிடைக்கின்றன. முதல்முறை செய்கிறவர் கையில் அவை வழுக்கும். வேண்டாம்.

சரி, உண்மையில் அப்சார்பர்தான் போய்விட்டதா? நீங்கள் சொன்னவை இரண்டு குறைகள். இரண்டுக்கும் மருந்து ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

பாலத்தில் ஆடுவது அப்சார்பர் குறையேதான். குழாய்க்குள் இருக்கும் எண்ணெய், பிஸ்டனின் சிறு துவாரங்கள் வழியே திணறிப் போவதால்தான் ஸ்பிரிங்கின் துள்ளல் அடங்குகிறது. வால்வு தேய்ந்தாலோ எண்ணெய் ஒழுகினாலோ ஸ்பிரிங்கைக் கேட்க ஆளில்லை. பாலம் பதின்மூன்றரை கிலோமீட்டர். இணைப்புகள் வரிசையாக வருவதால், ஒரு துள்ளல் அடங்குமுன் அடுத்தது வந்துவிடுகிறது. சக்கரத்தைத் திருப்பி வைத்து அப்சார்பரின் உடலைப் பாருங்கள். தூசி ஒட்டிய லேசான ஈரம் என்றால் வெறும் வியர்வை, பயமில்லை. எண்ணெய் கோடாக வழிந்திருந்தால் அது போய்விட்டது. டயரையும் உள்ளங்கையால் சுற்றித் தடவுங்கள். மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால், சக்கரம் சாலையில் ஒட்டாமல் குதித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. அப்படியானால் பிரேக் தூரமும் கூடியிருக்கும்.

‘டொக் டொக்’ வேறு கதை. மெதுவாகப் போகும்போது கேட்கும் தட்டலுக்குப் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க்கின் தேய்ந்த முனைதான் காரணம். இல்லையென்றால் மேலே உள்ள மவுண்டிங் ரப்பர், அல்லது லோவர் ஆர்மின் பால் ஜாயிண்ட். மகனை உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லி, நீங்கள் வெளிப்பக்கமாக ஸ்பிரிங் மேல் உள்ளங்கையை லேசாக வையுங்கள். சீராகத் திரும்பாமல் சிக்கிச் சிக்கித் துள்ளினால் மவுண்டிங் பேரிங் போய்விட்டது. லிங்க்கைக் கையால் பிடித்து ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். தட்டல் பால் ஜாயிண்டில் இருந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அது கழன்றால் சக்கரமே சாய்ந்துவிடும்.

நான்கையும் மாற்ற வேண்டுமா? முன்பக்கம் இரண்டு அல்லது பின்பக்கம் இரண்டு என்று ஜோடியாக மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஒருபக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருபக்கம் இழுக்கும். பின்பக்கம் நன்றாக இருந்தால் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அங்கே ஸ்பிரிங் தனி, அப்சார்பர் தனி. வீட்டிலேயே முழுதாகச் செய்யக்கூடிய வேலை அதுதான். கழற்றும்போது அச்சுக்கு அடியில் ஒரு ஜெக் தாங்கலாக இருந்தால் போதும்.

கடையில் வாங்கும்போது வண்டியின் ஆண்டையும் மாடலையும் சொல்லிக் கேளுங்கள். இடமும் வலமும் வெவ்வேறு, மாற்றிப் போட்டால் பிரேக் குழாய் மாட்டும் கொக்கி தவறான பக்கம் வந்து நிற்கும். பழையதைப் பிரித்து எண்ணெய் ஊற்றி, பளபளவென்று சாயம் அடித்து விற்கும் ‘ரீகோன்’ வகையை நான் வாங்க மாட்டேன். சாயம் வெளியே, தேய்மானம் உள்ளே. அப்சார்பரோடு மவுண்டிங், பேரிங், தூசி உறை, உள்ளே வரும் ரப்பர் கட்டை ஆகியவற்றையும் புதிதாகவே வாங்குங்கள். எப்படியும் கழற்றப்போகிறோம், பிறகு ஒருமுறை இதே கூலியைக் கொடுப்பானேன்? ஸ்பிரிங்கில் வெடிப்போ ஆழமான துருவோ இல்லையென்றால் பழையதே போதும். தாழ்த்தினால் அழகு என்று அதை வெட்டச் சொல்லும் நண்பர் யாராவது வருவார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இனி வேலை. நம் தாமான் வீடுகளில் போர்ச் பெரும்பாலும் லோங்காங் பக்கம் சரிந்திருக்கும். சரிவில் இதைச் செய்யக்கூடாது. சமதளமான சிமெண்டுத் தரை கிடைக்கும் வீட்டில் இடம் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கழற்றிவிட்டு, பட்டறை மூடியிருக்கிறது என்று அப்புறம் விழிக்காதீர்கள். சனிக்கிழமை காலையே நல்லது. பட்டறைக்குப் போய்வர ஒரு மோட்டார் சைக்கிளும் தயாராக இருக்கட்டும்.

கடற்காற்றில் போல்ட் துருவேறி இறுகியிருக்கும். முதல் நாள் மாலையே நட்டுகள் மீது துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள். மறுநாள் ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கார் தரையில் இருக்கும்போதே சக்கர நட்டுகளைச் சற்றுத் தளர்த்துங்கள். பிறகு தூக்கி இரண்டு பக்கமும் ஜெக் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். காரோடு வந்த ஜெக் டயர் மாற்றத்தான். அதை நம்பி அடியில் கை நீட்டாதீர்கள். சிமெண்டுக் கல்லையும் முட்டுக் கொடுக்காதீர்கள். அது சொல்லாமல் உடையும்.

சக்கரத்தைக் கழற்றியதும் கைபேசியில் நாலு படம் எடுத்துவிடுங்கள். பிரேக் குழாயையும், வயர் இருந்தால் அதையும், லிங்க்கையும் அப்சார்பரிலிருந்து விடுவியுங்கள். கீழே சக்கர மூட்டோடு சேர்க்கும் பெரிய போல்ட் இரண்டு இருக்கும். கழற்றும் முன் அவை உட்கார்ந்திருக்கும் நிலையை ஆணியால் கீறி அடையாளம் வையுங்கள், திரும்பப் பொருத்தும்போது சக்கரம் அதிகம் சாயாமல் இருக்கும். போல்ட்டை உருவியதும் மூட்டு வெளிப்பக்கம் சாயும். அதைக் கம்பியால் கட்டித் தாங்குங்கள். விட்டுவிட்டால் டிரைவ் ஷாஃப்ட் உருவிக்கொள்ளும், பிரேக் குழாயும் இழுபடும்.

மேலே உள்ள நட்டுகள் கடைசியாகத்தான். சில கார்களில் வைப்பருக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால்தான் அவை தெரியும். மகன் கீழே இருந்து அமைப்பை இரு கைகளாலும் ஏந்திக்கொள்ளட்டும், ஓரத்து நட்டுகளை நீங்கள் எடுங்கள். நடு நட்டு பக்கம் ஸ்பேனர் போகவே கூடாது.

பட்டறையிலிருந்து வந்ததும் கழற்றிய வரிசையைத் தலைகீழாகச் செய்யுங்கள். வாங்கி வரும் முன்பே ஸ்பிரிங்கின் நுனி தட்டில் உள்ள பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எல்லா நட்டையும் முதலில் கையால் ஏற்றி, பிறகு சர்வீஸ் புத்தகம் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். கீழ்ப் போல்ட்டுக்கு நல்ல பலம் வேண்டும். மேல் நட்டுகளுக்குக் கொஞ்சம் போதும், மிஞ்சினால் திருகு அறுந்துவிடும். முடிந்ததும் நேராக அலைன்மெண்ட் கடைக்குப் போங்கள். கீறல் அடையாளம் துணைக்குத்தான், அலைன்மெண்டுக்கு மாற்று அல்ல. சில நாள் ஓடிய பிறகு எல்லா நட்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. பட்டறையில் ஸ்பிரிங்கைப் பிரித்ததும் பழைய அப்சார்பரைக் கேட்டு வாங்கி, புதியதோடு நிமிர்த்தி வைத்து, தண்டை மகன் கையால் அமுக்கிப் பார்க்கட்டும். புதியது முரண்டு பிடித்து மெல்ல இறங்கும். பழையது தொளதொளவென்று போகும். இரண்டும் ஒரே மாதிரி இறங்கினால் அப்சார்பர் போனது என்று நாம் நினைத்தது தவறு, ஆட்டத்துக்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது. பழையது பாதி வழியில் சட்டென்று விழுந்தால், பாலத்தில் இத்தனை மாதம் உங்கள் வயிற்றைக் கலக்கியது எது என்பது அவன் கைக்கே தெரிந்துவிடும்.