சர்வரை எழுதி வைப்போம்

எங்கள் ஆய்வுக்கூடத்துச் சர்வரை அமைத்தவர் பட்டம் பெற்றுப் போய்விட்டார். எதை நிறுவினார், எந்தப் போர்ட்டைத் திறந்தார் என்ற விவரமும் அவரோடு போயிற்று. இந்நிலை உங்களிற் பலருக்கும் புதிதன்று. இதற்கு நான் கண்ட மாற்று, சர்வரைக் கையால் அமைக்காமல் எழுத்தால் அமைப்பதாகும்.

அடித்தளம் எளிமையாக இருக்கட்டும். டெபியன் லினக்ஸும் எஸ்எஸ்எச்சும் போதும். வரைகலைத் திரை வேண்டா. ஆய்வு நிரல்கள் கன்டெய்னர்களுக்குள் ஓடும். ஒவ்வொரு கன்டெய்னரும் தனக்கு வேண்டிய நிரல்தொகுதிகளைத் தன்னுடன் வைத்துக்கொள்ளும். கெர்னல் மட்டும் பொது. எனவே அடியில் டோக்கரைத் தவிர அதிகம் வேண்டுவதில்லை.

அமைக்கும் வேலைக்கு, 2012-இல் வெளிவந்த ஆன்சிபிள் ஏற்றது. அதை நம் மடிக்கணினியில் நிறுவினால், எஸ்எஸ்எச் வழியே சர்வருக்குச் சென்று வேலை செய்யும். ஆனால் அதன் மாட்யூல்களிற் பெரும்பாலானவை சர்வரில் பைத்தானை எதிர்பார்ப்பவை. சிறிய நிறுவலில் பைத்தான் இல்லாதிருக்கலாம். அப்போது 'ரா' என்னும் மாட்யூலைக் கொண்டு முதலில் அதனை நிறுவுக. சர்வரைப் பற்றித் தகவல் திரட்டும் முதற்படியையும் அதுவரை நிறுத்தி வைக்க வேண்டும்; அதற்கும் பைத்தான் வேண்டுமன்றோ!

பிளேபுக் என்னும் கோப்பில் நாம் எழுதுவது நிலையை. 'டோக்கர் இருக்க வேண்டும்' என்று எழுதினால், இருந்தால் தொடாது, இல்லையேல் நிறுவும். அதனை இருமுறை ஓட்டிப் பாருங்கள். இரண்டாம் முறை மாற்றங்களின் எண்ணிக்கை 0 என்று வரவேண்டும். வராவிட்டால், பெரும்பாலும் ஷெல் கட்டளை ஒன்றை அப்படியே எழுதியிருப்போம். அதற்குரிய மாட்யூலைத் தேடுவதே நலம். சோம்பலால் ஷெல்லை நாடுவோர் நம்மிற் பலர்.

டோக்கர் குழுவில் சேர்க்கும்படி எல்லோரும் கேட்பார்கள். எளிதில் இசையாதீர்கள். அக்குழுவில் உள்ளவர் சர்வரின் முழு வட்டையும் ஒரு கன்டெய்னருக்குள் இணைத்து, ரூட் அதிகாரத்தோடு எதையும் மாற்றலாம். ரூட் அதிகாரமின்றியே கன்டெய்னர் ஓட்டுவதற்கு பாட்மன் இருக்கிறது.

இன்னொன்று, பலர் அறியாதது. யுஎஃப்டபிள்யூ என்னும் ஃபயர்வாலில் ஒரு போர்ட்டை மூடியிருந்தாலும், கன்டெய்னருக்காக டோக்கர் திறந்துவிடும் போர்ட் அந்தத் தடைக்குக் கட்டுப்படாது. ஆதலால் போர்ட்டை 127.0.0.1 முகவரியில் மட்டும் திறந்து, எஸ்எஸ்எச் சுரங்கம் வழியே அடைவது நல்லது.

பிளேபுக் சர்வரைத் திருப்பித் தரும். ஆய்வுத் தரவைத் தராது. தரவை வேறு இயந்திரத்துக்கு நாள்தோறும் படியெடுக்கும் வேலையையும் அதே பிளேபுக்கில் சேர்த்துவிடுங்கள். கிரானுக்கென ஆன்சிபிளில் தனி மாட்யூலே உண்டு.