ஆறு பேருக்கும் ஒரே நிறமா?

கேள்வி: இந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போகவில்லை, வீட்டோடுதான். ஆறு பேருக்கும் ஒரே நிறத்தில் துணி எடுக்கலாம் என்கிறாள் மகள். எடுக்கலாமா?
– ஒரு வாசகி, விம்கோ நகர்

பதில்: வேண்டாமே! ஆறு பேரும் ஒரே நிறத்தில் நின்றால் கல்யாணப் பந்தியில் பரிமாற வந்தவர்கள் மாதிரி இருக்கும். பீரோவில் கிடக்கும் பழைய பட்டுப்புடவை ஒன்றை எடுங்கள். அதன் கரை நிறம்தான் இந்த வருஷத்து நிறம். சின்னவளுக்கு அந்தப் புடவையிலேயே பாவாடை, உங்களுக்கு அந்த நிறத்தில் ஜாக்கெட், ஆண்களுக்கு அதே நிறக் கரை வேட்டி. பழைய பட்டு மடிப்பில்தான் இற்றுப்போயிருக்கும். அந்த இடத்தைத் தள்ளி வெட்டச் சொல்லுங்கள். பாவாடைக்கு அடியில் இரண்டு டக் பிடித்தால் அடுத்த வருஷம் பிரித்து நீளமாக்கிக்கொள்ளலாம்.

மீதித் துணிக்கு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு இருக்கிறதே. 2021 பிப்ரவரியில் மெட்ரோ உங்கள் பக்கம் வந்தபிறகு அங்கே போய்வருவது சுலபம். ஞாயிறு மாலை மட்டும் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பட்டாசு வெடிக்கிறவர்களுக்குப் பருத்திதான். பாலியஸ்டரில் தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். புதுத்துணிக்கு வைக்கும் மஞ்சளை உள்பக்க ஓரத்தில் வையுங்கள். தையல்காரரிடம் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.