பிறந்த நாள் பார்ட்டியில் கைவேலை: குட்டி விரல்களுக்கு எது சரி?

பிறந்த நாள் என்றால் கேக், பலூன், மெழுகுவர்த்தி, கிளம்பும்போது கையில் ஒரு பரிசு. இப்போது பல வீடுகளில் இதோடு ஒரு கைவேலையும் சேர்ந்துகொண்டது. மணி கோப்பது, ஜிகினா தூவி வாழ்த்து அட்டை செய்வது என்று ஏதாவது ஒன்று. நல்ல வழக்கம்தான். பிள்ளைகளை டி.வி. முன்னால் உட்கார வைப்பதற்கு இது எவ்வளவோ மேல்!

ஆனால் ஒரு கணக்கைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். "என் பொண்ணுக்கு ஆறு வயசு முடியுது. பாசிமணி கோக்க வெச்சா ஒரு மணி நேரம் ஓடிடும்" என்று அம்மா திட்டம் போடுவார். வருகிறவர்கள் எல்லாருக்கும் ஆறு வயசா? அக்காவோடு ஒட்டிக்கொண்டு வருகிற இரண்டு வயசுத் தம்பி, சித்தியின் இடுப்பில் இருக்கிற பத்து மாசக் குழந்தை, இவர்களும் விருந்தாளிகள்தானே. பிறந்த நாள் குழந்தையின் வயதை வைத்துக் கைவேலையைத் தீர்மானிக்காதீர்கள். வருகிறவர்களிலேயே சின்னக் குழந்தையின் வாயை வைத்துத் தீர்மானியுங்கள்.

மூன்று வயது வரை எதையும் வாயில் வைத்துப் பார்ப்பது குழந்தையின் இயல்பு. மூச்சுக்குழாயோ குறுகலானது, இருமித் தள்ளும் வலுவும் குறைவு. பொம்மைகளைப் பரிசோதிக்க ஓர் அளவு உண்டு. ஒன்றேகால் அங்குல அகலமுள்ள சின்னக் குழாய்க்குள் ஒரு பொருள் முழுசாக அடங்கிவிட்டால், அது மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆகாது. பாசிமணி, சட்டைப் பட்டன், பேனா மூடி எல்லாமே இந்தச் சோதனையில் தோற்றுவிடும். தண்ணீரில் போட்டால் ஊதிப் பெரிதாகும் வண்ண ஜெல்லி மணிகள் இன்னும் மோசம். விழுங்கினால் குடலுக்குள்ளும் ஊதி அடைத்துக்கொள்ளும்.

அதைவிடப் பயப்பட வேண்டியது, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையிலும் மினுக்கும் விளக்கிலும் இருக்கிற பட்டன் பேட்டரி. உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் சதையை அரித்துவிடும். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உடைந்த பலூன் துண்டும் அப்படித்தான், தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். வெடித்த உடனே பொறுக்கிவிட ஓர் ஆளை நியமியுங்கள்.

அப்படியானால் என்னதான் செய்யச் சொல்வது? நான் சிபாரிசு செய்வது வெண்டைக்காய் அச்சு. செலவு குறைவு. வீட்டிலேயே எல்லாம் இருக்கிறது.

முற்றின வெண்டைக்காயாகக் கால் கிலோ வாங்குங்கள். பிஞ்சு நசுங்கிவிடும். காம்பிலிருந்து இரண்டு அங்குலம் விட்டுக் குறுக்கே நறுக்கினால், காம்புப் பக்கம் பிடித்துக்கொள்ளத் தோதாக இருக்கும். வெட்டிய முகத்தில் அழகாக ஐந்து இதழ்ப் பூ! உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி நட்சத்திரம் செதுக்கலாம். அதில் ஈரம் கசியும், துணியால் ஒற்றி எடுத்த பிறகே சாயத்தில் தொட வேண்டும். வாழைத்தண்டும் அழகான வட்டம் தரும்தான். ஆனால் வாழைக்கறை துணியில் பட்டால் போகவே போகாது, அதனால் வேண்டாம். நறுக்குகிற வேலை முழுவதும் பெரியவர்களுடையது. குழந்தைகள் வருவதற்கு முன்பே கத்தி உள்ளே போய்விட வேண்டும்.

எதில் அச்சடிப்பது? வெள்ளைத் துணிப்பை சரியாக இருக்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிறதே, அச்சடித்த பையே பரிசாகவும் ஆகிவிடும். முதல் நாளே துவைத்துக் கஞ்சியைப் போக்கிவிடுங்கள், அப்போதுதான் சாயம் பிடிக்கும். பைக்குள் ஓர் அட்டையைச் சொருகினால் மறுபக்கம் ஊறாது. துணிக்கான பெயின்ட்டைக் கிண்ணத்தில் ஊற்றித் தராதீர்கள். தட்டில் ஈர ஸ்பாஞ்சை வைத்து அதன்மேல் தடவுங்கள். முத்திரை குத்துவது போலத் தொட்டு ஒற்றினால் போதும். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஆறு தட்டு, ஜோடிக்கு ஒன்று.

மூன்று வயதுக்கும் கீழே உள்ளவர்களுக்குப் பெயின்ட் வேண்டாம். மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்துக் காகிதத்தில் பூசிக் காயவைத்துக்கொள்ளுங்கள். ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் வெண்டைக்காயைத் தொட்டு அதில் ஒற்றினால் சிவப்பாகப் பூ வரும். ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் இதே வித்தைதான். ஆனால் அதில் போடுகிற சுண்ணாம்பு இங்கே கூடவே கூடாது, கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கிவிடும். ஜிகினாவும் கண்ணுக்கு ஆகாது. பட்டுவிட்டால் கசக்க விடாமல் சுத்தமான தண்ணீரால் கழுவ வேண்டும்.

ஒட்டுகிற வேலை ஏதாவது இருந்தால் வீட்டில் காய்ச்சிய மைதாப் பசை போதும். கடைப்பசை வேண்டாம் என்பதற்காக பைண்டிங் கடையிலிருந்து வாங்கி வராதீர்கள். பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் சேர்ப்பது வழக்கம், அது விஷம்.

எப்போது செய்ய வைப்பது? கேக் வெட்டியபின் என்றால் சரிப்படாது. வயிறு நிறைந்த பிள்ளைகள் ஓடத்தான் பார்க்கும். வந்ததும் வராததுமாக உட்கார வைத்துவிடுங்கள். ஒவ்வொருவராக வந்து சேர்கிற அந்த அரை மணி வீணாகாது. கேக்குக்கு முன் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவியும் ஆயிற்று. சாப்பிட்டு முடிவதற்குள் ஃபேன் காற்றில் பைகள் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்திருக்கும்.

நாலு வயசுக் குழந்தை பத்துப் பதினைந்து நிமிஷத்தில் எழுந்துவிடும். விட்டுவிடுங்கள். கோணலாக வந்த பூவை நீங்கள் திருத்தவும் வேண்டாம். இடது கையால் அச்சடிக்கிற பிள்ளையிடம் "சோத்துக் கையால பண்ணு" என்று எந்தப் பாட்டியும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது குறையே அல்ல.

எவ்வளவு கவனித்தாலும், எவராவது எதையாவது வாயில் போட்டுக்கொண்டால்? பலமாக இருமினால் இருமவிடுங்கள். முதுகில் தட்டாதீர்கள், தொண்டைக்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள். இருமவோ அழவோ முடியாமல் திணறினால் ஒரு விநாடியும் தாமதிக்கக் கூடாது. ஒரு வயது தாண்டிய குழந்தையென்றால் முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். வெளியே வராவிட்டால் பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து உள்நோக்கி, மேல்நோக்கி ஐந்து முறை அழுத்துங்கள். மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரு வயதுக்குள் வயிற்றில் அழுத்தவே கூடாது. முன்கையில் தலை தாழ்ந்திருக்கும்படி கவிழ்த்து ஐந்து தட்டு, திருப்பி நெஞ்சு நடுவில் ஐந்து அழுத்தம். இதற்குள் இன்னொருவர் 108-க்குப் போன் செய்திருக்க வேண்டும்.

பையைக் கொடுத்தனுப்பும்போது அம்மாக்களிடம் "மூணு நாளைக்குத் தண்ணியில போடாதீங்க, அப்புறம் உள்பக்கமாத் திருப்பி இஸ்திரி போட்டுடுங்க" என்று சொல்லிவிடுங்கள். சாயம் பட்ட காய்களைக் கழுவிச் சாம்பாரில் போட நினைக்க வேண்டாம். அவை குப்பைக்குத்தான்.