சம்பளம் இல்லாத வேலை

அன்புள்ள கண்ணம்மா,

துவாக்குடியில் பாய்லர் பட்டறை ஒன்றில், அதுவும் டிசைன் பிரிவில், நீ வேலைக்குச் சேர்ந்ததில் பெரியப்பாவுக்கு அளவில்லாத மகிழ்ச்சி. "பட்டறை வேலையே பொழுது சாயும்வரை இழுக்கிறது, இதில் பொறியாளர் சங்கத்திலும் சேரச் சொல்கிறீர்களே, அங்கே என்ன கிடைக்கும்?" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான்.

டிரம் தகட்டின் கனத்தைக் கணக்கிட நீ தினமும் புரட்டுகிறாயே, ஏ.எஸ்.எம்.இ. கோடு, அதிலிருந்தே தொடங்குகிறேன். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் வெளியிடும் அந்த விதிநூலை எழுதுகிற குழு உறுப்பினர்களுக்குச் சங்கம் சம்பளம் கொடுப்பதில்லை. பெரும்பாலோர் உன்னைப் போல வேறு எங்கோ வேலை பார்ப்பவர்கள்.

அந்த நூல் பிறந்த கதையை நீ தெரிந்துகொள்ள வேண்டும். 1905 மார்ச் 20, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராக்டன் நகரம். குரோவர் காலணித் தொழிற்சாலையில் அன்று புதிய பாய்லர் பராமரிப்பில் இருந்ததால் பழைய பாய்லரை மூட்டியிருந்தார்கள். அது வெடித்துக் கூரையைப் பிய்த்துக்கொண்டு பறந்தது. கட்டடம் சரிந்து தீப்பிடித்தது. 58 பேர் இறந்தார்கள்.

காரணம் அதன் மூட்டில் இருந்தது. அந்தக் காலத்தில் தகட்டை உருளையாக வளைத்து, ஒரு விளிம்பின் மேல் மறு விளிம்பை ஏற்றி ரிவெட் அடிப்பார்கள். விளிம்பு ஏறிய இடத்தில் உருளை முழு வட்டமாக இருக்காது. அழுத்தம் ஏறும்போது அந்த இடம் வட்டமாகப் பார்க்கும்; இறங்கும்போது பழைய வளைவுக்கே திரும்பும். வருடக்கணக்கில் இப்படி அசைந்து அசைந்து, ரிவெட் வரிசையை ஒட்டி, மேல் தகடு மூடியிருக்கும் இடத்தில் விரிசல் ஓடும். எவ்வளவு கவனமான இன்ஸ்பெக்டர் வந்தாலும் அது வெளியே தெரியாது. வடிவமைப்பிலேயே இருந்த கோளாறு அது. ஒரு பட்டறை தன் பட்டறைக்குள் மட்டும் திருத்தித் தீர்த்துவிட முடியாதது.

1907-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் பாய்லர்களுக்குச் சட்டம் கொண்டுவந்தது. அடுத்தடுத்து மாநிலத்துக்கு ஒரு விதி என்று ஆகிவிட்டால் ஓரிடத்தில் செய்ததை இன்னோரிடத்தில் விற்க முடியாது. 1911-இல் சங்கத்தின் தலைவராக இருந்த மெயர் ஒரு குழு அமைத்தார். அவரே பாய்லர் செய்யும் தொழிலில் இருந்தவர். ஜான் ஸ்டீவன்ஸ் தலைமையில் அந்தக் குழு வரைவு எழுதி, எதிர்ப்புகளைக் கேட்டு, திருத்தித் திருத்தி 1914-ஆம் ஆண்டுப் பதிப்பைக் கொண்டுவந்தது. அன்று தகட்டின் இழுவிசை வலிமைக்கான பாதுகாப்புக் காரணி 5. பிறகு அது 4 ஆனது, 1999-இல் 3.5 ஆனது. எஃகின் தரம், வெல்டிங், ரேடியோகிராபி எல்லாம் இவ்வளவு முன்னேறியிருக்கின்றன, இனிக் குறைக்கலாம் என்று ஒருவர் வாதாட, போதாது என்று இன்னொருவர் மறுக்க, குழுவின் மேசைகளில் முடிவான எண் அது. உன் கம்பெனி ஒவ்வொரு டிரம்மிலும் மிச்சப்படுத்தும் எஃகுக்குப் பின்னால் அந்த வாதங்கள் இருக்கின்றன.

இந்தப் பணியின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடமாட்டேன். பாய்லரில் நீர்மட்டம் இறங்கினால் எரிபொருளை நிறுத்தும் கருவி ஒன்றை ஹைட்ரோலெவல் என்ற சிறிய நிறுவனம் புதிய முறையில் செய்து விற்றது. 1971-இல், சந்தையில் முன்னணியில் இருந்த போட்டி நிறுவனம், அந்தக் கருவியின் பாதுகாப்பு பற்றிச் சந்தேகம் வரும்படியான பதிலைப் பெறும் நோக்கத்தோடு சங்கத்துக்கு ஒரு கேள்வி அனுப்பியது. அத்தகைய கேள்விகளைக் கையாளும் துணைக்குழுவின் துணைத்தலைவர் அந்தப் போட்டி நிறுவனத்தின் ஆள். கேள்வியை எழுத உதவிய துணைக்குழுத் தலைவரே அதற்குப் பதிலையும் எழுதினார். போட்டி நிறுவனத்தின் விற்பனையாளர்கள் அந்தப் பதிலைக் காட்டியே ஹைட்ரோலெவலின் வாடிக்கையாளர்களைக் கலைத்தார்கள். நிறுவனம் நொடித்துப்போனது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1982-இல் சங்கமே பொறுப்பு என்று தீர்ப்பானது.

சம்பளம் வாங்காத வேலைதானே என்று பொறுப்பு குறைந்துவிடாது, கண்ணம்மா. குழுவின் மேசையில் உட்காரும்போது நீ உன் கம்பெனியின் ஆள் இல்லை; அந்தப் பாய்லருக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்யப்போகிறவரின் ஆள். அப்படி உட்கார முடியாது என்று தோன்றினால் போகாமல் இருப்பதே நல்லது. என் பார்வையில், டிசைன் கற்பதைவிடக் கடினமான பயிற்சி இதுதான்.

நம் நாட்டிலும் இதற்கு வேர் உண்டு. 1863-இல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்து உயிர்கள் போன பிறகுதான் வங்காளத்தில் பாய்லர் சட்டம் வந்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 1923-இல் வந்தது. இந்தியப் பொறியாளர் நிறுவனம் 1920-இல் பதிவானது நம் சென்னையில்தான்.

என்ன கிடைக்கும் என்று கேட்டாய். பதவி உயர்வு கிடைக்கும் என்று ஆசை காட்டமாட்டேன். உன் கணக்கைப் பத்துப் பேர் முன்னால் வைத்து, அவர்கள் குடையும்போது கோபப்படாமல் பதில் சொல்லும் பழக்கம் கிடைக்கும். பாய்லர் செய்பவரும், ஓட்டுபவரும், சோதிப்பவரும் ஒரே மூட்டை எத்தனை விதமாகப் பார்க்கிறார்கள் என்று தெரியவரும். ஒரு பட்டறைக்குள்ளேயே முப்பது வருஷம் இருந்தாலும் இது வாய்க்காது.

உடனே பெரிய குழுவுக்குப் போக வேண்டாம். இந்தியப் பொறியாளர் நிறுவனத்தின் திருச்சிக் கிளையில் உறுப்பினராகி, மாலைக் கூட்டங்களுக்குப் போ. நாற்காலி போடும் வேலையானாலும் செய். இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஒரு தரத்தை இறுதியாக்கும் முன் வழக்கமாக அதன் வரைவை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். உன் வேலையைத் தொடும் வரைவு ஒன்றை எடு. ஒரே ஒரு பிரிவை ஆழமாகப் படி. பட்டறையில் வெல்டரிடமும் கேள். தவறு என்று தோன்றினால் ஏன் தவறு, எப்படி மாற்றலாம் என்று காரணத்தோடு எழுதி அனுப்பு. அனுப்பும் முன் எனக்கும் ஒரு பிரதி காட்டு.

அன்புடன்,
பெரியப்பா