சிற்றறையில் ஒரு பந்தயக் கார்

பந்தயக் காரோட்டம் பொருள் படைத்தோர்க்கே உரியது என்பது நெடுநாளைய கருத்து. கணினி வந்தபின் அக்கருத்துச் சற்றே தளர்ந்துள்ளது. பிரித்தானிய இளைஞரான யான் மார்டன்பரோ, காணொளி விளையாட்டிற் பெற்ற பயிற்சியையே கைம்முதலாகக் கொண்டு 2011 ஆம் ஆண்டில் 'ஜீ.ரீ. அக்கடமி' போட்டியில் வென்றார். 2013 இல், லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் வகுப்பில் மூன்றாம் இடம்பெற்ற அணியின் சாரதிகளுள் ஒருவராகவும் விளங்கினார். ஆதலின் எம் மாணவர் சிலர் வீட்டு மூலையிலே சாரதிக் கூடொன்று அமைக்க விரும்பி வழி கேட்பது வியப்பன்று. எந்தச் சுக்கானை வாங்குவது என்பதே அவர்தம் முதற் கேள்வி. அது முதற் கேள்வியன்று என்பதே எமது துணிபு.

இத்தகைய பொறி எளிய பொருள்களினின்றே பிறந்தது என்பதை ஈண்டுக் குறிப்பிடல் தகும். 1929 இல் அமெரிக்கரான எட்வின் லிங்க், தந்தையாரின் ஓர்கன் வாத்தியத் தொழிற்சாலையிற் பழகிய காற்றுத் துருத்திகளைக் கொண்டே, நிலத்தில் நின்றவாறு சாய்ந்தும் திரும்பியும் அசையும் விமானப் பயிற்சிக் கூடொன்றை ஆக்கினார். முதலில் அதனைக் களியாட்டு நிலையங்களே வாங்கின. 1934 இல் தபால் சுமந்த இராணுவ விமானிகள் பலர் விபத்தில் மாண்ட பின்னரே அமெரிக்கப் படையினர் அதன் அருமையை உணர்ந்து ஆறு பொறிகளை வாங்கினர்.

எமது முதல் முயற்சியோ நகைப்புக்கிடமாயிற்று. சுக்கானை மேசையிற் பூட்டி, மிதிகளை நிலத்தில் வைத்து, உருளைச் சில்லுக் கதிரையில் அமர்ந்து ஓடத் தொடங்கினோம். முதல் வளைவில் பிறேக்கை மிதித்தோம். கார் நிற்கவில்லை, கதிரை பின்னே ஓடியது! தாக்கமும் மறுதாக்கமும் சமமும் எதிருமானவை என்று வகுப்பறையிற் படித்ததை மறந்ததன் விளைவு அது. 20 கிலோகிராம் நிறைக்குரிய விசையோடு மிதியை அழுத்தினால், ஏறத்தாழ 196 நியூற்றன் விசையோடு மிதி எம்மைப் பின்தள்ளும். அவ்விசை முதுகு வழியே கதிரையைச் சேரும். கதிரையையும் மிதிப் பலகையையும் ஒரே உடலாகப் பிணைத்துவிட்டாலோ, இருவிசையும் சட்டத்துள்ளேயே ஒன்றையொன்று ஈடுசெய்யும். நிலத்தில் எதையும் அறைய வேண்டியதில்லை. அன்று மாலை கிணற்றடியிற் கிடந்த கயிற்றால் கதிரைக் காலையும் மிதிப் பலகையையும் பிணைத்தோம். ஒரு சதமும் செலவில்லை, கதிரை ஓடவில்லை.

இதில் இத்துணை அழுத்தம் ஏனெனில், ஓட்டத்தின் உயிர்நாடி பிறேக்கிலேயே உள்ளது. மலிவான மிதி, கால் எவ்வளவு நகர்ந்தது என்பதையே அளக்கின்றது. விலை சற்று உயர்ந்த மிதியிலுள்ள விசையுணரி, கால் எவ்வளவு வலுவாய் அழுத்தியது என்பதை அளக்கும். தூரத்தை நினைவிற் கொள்வதினும் அழுத்தத்தை நினைவிற் கொள்வது காலுக்கு எளிது. எனவே மிஞ்சிய பணத்தைச் சுக்கானிலன்றி மிதியிலேயே செலவிடுக. ஆயின் நெகிழும் பலகையிற் பூட்டிய விசையுணரியாற் பயனில்லை.

சட்டத்துக்கு நாலங்குலத்துக்கு இரண்டங்குல மரமே போதும். நாலரை அடி நீளத்தில் இரு கட்டைகளை இரண்டடி இடைவெளியிற் கிடத்திக் குறுக்குச் சட்டங்களால் இணைக்க. சுக்கானைத் தாங்கும் தூண்களுக்கு மூலைவிட்டச் சட்டம் இன்றியமையாதது. நாற்பக்கம் சரியும், முக்கோணம் சரியாது. அமுக்கப் பலகையின் ஓரத்தில் திருகாணி நெடுநாள் நில்லாது, அதனைத் தவிர்க்க. ஆசனம் பழைய இரும்புக் கடையிற் கிடைக்கும் கார் ஆசனமாயின் மிக நன்று.

அறையின் சிறுமையை நொந்துகொள்வோர்க்கு ஒரு நற்செய்தி. திரை கண்ணுக்கு அண்மையில் இருப்பதே இங்கு வேண்டப்படுவது. 24 அங்குலத் திரையின் அகலம் 53 சென்ரிமீற்றர். அது 1 மீற்றர் தொலைவில் நின்றால் கண்ணில் ஏறக்குறைய 30 பாகைக் கோணமே அமைக்கும்; 50 சென்ரிமீற்றரில் நின்றால் 56 பாகை அமைக்கும். அகலத்திற் பாதியைத் தூரத்தால் வகுத்து, அதனைத் தான்சனாகக் கொண்ட கோணத்தை இரட்டித்தால் இவ்விடை வரும். அக்கோணத்தையே விளையாட்டிலும் இடுக. நிலைக்குத்துக் கோணத்தைக் கேட்கும் விளையாட்டுகளும் உள. அவற்றுக்கு அகலத்துக்குப் பதில் உயரத்தைக் கொள்க. இதனினும் பெரிய கோணத்தை இட்டால் வேகம் மிகுந்ததுபோல் தோன்றி மனம் மகிழும். ஆனால் வளைவு உள்ளதினும் தொலைவில் இருப்பதாய்க் கண்ணை ஏய்க்கும்.

மடக்கிவைக்க விரும்புவோர், ஆசனத்துக்கும் மிதிக்கும் இடையே பிணைச்சல் வையாதிருக்க. விசை செல்லும் வழி அதுவே. சுக்கான் தூண்களை மட்டும் நான்கு மரையாணிகளால் பூட்டினோம். இரவில் அவற்றைக் கழற்றிச் சட்டத்தைச் சுவரோடு நிமிர்த்திவிட்டால், பாய் விரிக்க இடம் கிடைக்கின்றது.