உயிரியலுக்குக் கணக்கு எதற்கு?

கல்லாற்றங்கரையில் உயிரியல் பயிலும் நண்பர் என்னை இவ்வாறு வினவினார். ஓடும் நீரைக் காட்டினேன். “நீர் எவ்வளவு என்பது மட்டும் போதாது, எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதை அறிந்தவனே வெள்ளத்திற்குத் தப்புவான். அம்மாறும் வீதத்தைக் கணிப்பதே நுண்கணிதம்.”

1897-இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டவர் ரொனால்டு ராஸ். கொசுக்களை அடியோடு ஒழிக்க வேண்டியதில்லை, ஓர் எல்லைக்குக் கீழே குறைத்தாலே நோய் மறையும் என்று பின்னர் அவர் காட்டியது இக்கணக்கால்தான். மருந்தை வெல்லும் மரபணு ஒட்டுண்ணிகளிடையே பரவும் வேகத்தையும் இன்று இவ்வாறே கணிக்கின்றனர். அண்டத்தின் விரிவு வீதம் எவ்வாறு மாறும் என்பதற்கு 1955-இல் கல்கத்தாவின் அமல்குமார் ராய்சௌதுரி சமன்பாடு வகுத்ததும் இம்முறையிலேயே.

துறைகள் பல, கருவி ஒன்று. கணக்கை ஒதுக்கும் மாணவன் ஒரு பாடத்தை மட்டுமா இழக்கிறான்? தன் துறையின் கதவையே அடைத்துக்கொள்கிறான். நண்பர்களே, சிந்திப்பீர்!